லிமோஜ், பிரான்ஸ், வழி: வண்டிப்பெரியார்

கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்கிறவன் ஒன்று காபி குடித்து முடித்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருடனைத் தேடுகிறவனாக இருக்க வேண்டும். பூபதிராஜாவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு வாய் காபி கிடைக்கவில்லை.

பீர்மேட்டில் செம்பாறை எஸ்டேட் பங்களா. சாப்பாட்டு மேசைமேல் பன்னிரண்டு கோப்பைகள் இரண்டு வரிசையாக நின்றன. வெள்ளை வெளேரென்ற பீங்கான், விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு, அவ்வளவுதான். பூ கிடையாது, கிளி கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பிரெஞ்சுக் கோப்பைகள் என்றார்கள். விலையைக் கேட்டபோது பூபதி தன் பழைய ஜீப்பை ஜன்னல் வழியாக ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துக்கொண்டான்.

"ஏனுங்க மேடம், இத்தன வெலைங்கறீங்க, மேல ஒரு பூவுகூட இல்லீங்களே."

"விலை மேலே இல்ல. அடியிலயாக்கும்," என்றாள் பின்சி. கொச்சியில் யாரோ ஒரு சேகரிப்பாளருக்காகப் பழம்பொருட்களைப் பார்த்து மதிப்புச் சொல்கிறவள், இந்தக் கோப்பைகளைப் பார்க்க வந்தவள். மலையாளத்தில் தோய்த்தெடுத்த தமிழ். "அடியில இருக்கிற முத்திரை. அதுதான் எல்லாம்."

"அடிப்பக்கத்துக்கு இத்தன மவுசா. இது தெரியாம எங்க பாலக்காட்டுச் சித்தூர்ல எல்லாரும் மூஞ்சிக்குப் பவுடர் போட்டுட்டிருக்கறோம்."

மேசைக்கு அடியில் அவன் காலை ஒரு செருப்பு மிதித்தது. செருப்புக்குச் சொந்தக்காரர் சௌதா. பாலக்காட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறவர். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக உடைந்த சாமான்களுக்கு விலை போட்டவர். பூபதி அவருக்கு டிரைவர், உதவியாளர். தன்னைக் கேட்டால் மூளையும் தான்தான் என்பான். யாரும் கேட்டதில்லை.

பின்சி பாடம் எடுத்தாள். அசல் என்று அவள் சொன்ன வரிசையில் ஒரு கோப்பையைத் திருப்பினாள். அடியில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன மணி, அதன் கீழே ஆங்கில எழுத்தில் 'லிமோஜ்', அதற்கும் கீழே 'பிரான்ஸ்'. "ஊரும் உண்டு, நாடும் உண்டு. இந்த ஆறும் அப்படி. அந்த ஆறுல பாருங்க, மணி உண்டு, லிமோஜ் உண்டு, பிரான்ஸ் இல்ல. நாட்டுப் பேர் எழுதாத கம்பெனி உண்டோ? அது கள்ளம். எல்லாம் எழுதிக் கையொப்பிட்டுக் கொடுத்திருக்கேன்."

பேசிக்கொண்டே அந்தக் கள்ளக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் குமிழி பிளாஸ்டிக்கில் சுற்றி, பஞ்சு விரித்த பிரம்புக் கூடையில் அடுக்கினாள். அசல் கோப்பை ஒன்றில் அவளுடைய பேனாவும் மூக்குக் கண்ணாடியும் செருகிக் கிடந்தன.

"கேஸ் ஒண்ணும் வேண்டா ஜிபி சார்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "பாவம், வயசான மனுஷன். இந்தக் கள்ளச் சாமானை நான் கொச்சிக்குக் கொண்டுபோயி களஞ்சோளாம், தூக்கிப் போட்டுடறேன். அவர் கையொப்பிட்டுத் தந்துட்டுப் போயிக்கோட்டே."

எஸ்டேட் முதலாளி ஜிபிக்கு நாற்பது வயது. கோபத்தில் காது சிவக்கிற ஆள். அப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன.

"நாலு மணிக்கு பாக்டரி சங்கு ஊதும்," என்றார். "அதுக்குள்ள பவுல்ராஜ் இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். ஆறு கோப்பையை எடுத்து வித்துட்டுக் கள்ளச் சாமான் வச்சது நான்தான்னு. போட்டா ராத்திரிக்குள்ள லயத்து வீட்டைக் காலி செஞ்சுட்டுப் போகலாம். போடலைன்னா சங்கு ஊதின கையோட ஸ்டேஷன்."

பவுல்ராஜ் கதவோரமாகக் கைகட்டி நின்றார். பங்களா பட்லர், அறுபது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கோப்பை அலமாரிச் சாவி முப்பத்தைந்து வருஷமாக அவர் இடுப்பில்தான் இருந்தது. இன்று ஜிபி அதைப் பிடுங்கி மேசைமேல் போட்டிருந்தார். பவுல்ராஜின் மகள் மோனிஷா பாலக்காட்டில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள், சௌதா வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் எட்டு நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அதே லயத்து வரிசை வீடுகளில் நான்காவது வாசல். கையெழுத்துப் போட்டால் திருடன், போடாவிட்டால் போலீஸ். எப்படிப் பார்த்தாலும் கல்யாணம் நின்றுபோகும். அவள் அழுதுகொண்டு வந்து நின்றதால்தான் சௌதா முந்தின நாள் ஜீப் ஏறினார்.

பூபதியால் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்வையைச் சுவருக்குத் திருப்பினான். அங்கே சட்டம் போட்ட ஒரு போட்டோ. முன்பல் விழுந்த ஒரு பையன், தன் உயரத்துக்குச் சமமான ஏர்கன்னைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றான்.

"ஆருங்க இந்த வேட்டைக்காரரு?"

"நான்தான். ஒம்போது வயசுல," என்றார் ஜிபி, கோபம் குறையாமல்.

சும்மா இருக்க முடியாமல் பூபதி அசல் வரிசையில் கடைசிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தான். மணி இருந்தது. லிமோஜ் இருந்தது. பிரான்ஸ் இருந்தது. மணிக்கு மேலே, எறும்புத் தலை அளவில் இன்னொன்றும் இருந்தது. ஒரு சுழிப்பு, அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு.

"இது என்னங்க மேடம்?"

பின்சி எட்டிப் பார்த்தாள். "அது ஆர்ட்டிஸ்டோட குறி. அந்தக் காலத்து பிரெஞ்சுப் பெயிண்டர்மார் ஓரோருத்தருக்கும் ஓரோரு அடையாளம் உண்டு. ஏதோ பிரெஞ்சு எழுத்தாயிருக்கும்."

பூபதி வாயைத் திறந்தான். செருப்பு மறுபடியும் மிதித்தது, இந்த முறை பலமாக. வாயை மூடிக்கொண்டான். அந்த எழுத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். பி.காம். கணக்குப் பரீட்சைத் தாளில் அவன் சரியாக எழுதியது அது ஒன்றைத்தான்.

*

சமையல்கட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த இடத்தில் வந்துதான் சௌதா அவனைப் பேசவிட்டார்.

"அக்கா, அது பிள்ளையார் சுழிங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டுமாங்க கால மிதிச்சீங்க?"

"பாத்ததாலதான் மிதிச்சேன். சரி சொல்லு. ஒரு காகிதம் எழுத உக்காந்தா நான் மேல 786 போடுவேன். பவுல்ராஜ் சின்னதா ஒரு சிலுவை போடுவார். நீ என்ன போடுவே?"

"உ போட்டு, அடில ரெண்டு கோடு."

"பிரெஞ்சுக்காரன்?"

பூபதி யோசித்தான். "அவன் தப்பித்தவறிப் போட்டிருந்தாலும் இத்தன அழகா வராதுங்க."

"அப்ப அந்தக் கோப்பைக்கு அடியில எழுதினவன் நம்ம ஆளு. நான் ரெண்டு வரிசையிலயும் நகம் வச்சுப் பாத்துட்டேன். உன் சுழி இருக்கிற வரிசையில பச்சை மணி நகத்துல தட்டுது, மேல எழுதினது. கூடைக்குப் போன வரிசையில நகம் வழுக்குது. அந்த முத்திரை பளபளப்புக்கு உள்ள இருக்கு. எழுதின பிறகுதான் மேல பூச்சுப் பூசிச் சுட்டிருக்கான். கம்பெனிக்காரன் வேலை அப்படித்தான் இருக்கும்."

"ஆனா அதுல பிரான்ஸ்னு இல்லீங்களே."

"இருக்காது. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொண்ணுல அமெரிக்காக்காரன் ஒரு சட்டம் போட்டான். எந்த நாட்டுச் சாமான்னு சாமான்லயே எழுதினாத்தான் உள்ள விடுவேன்னு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் நாட்டுப் பேர் எழுத ஆரம்பிச்சது. நாட்டுப் பேர் இல்லைன்னா அதுக்கும் மூத்ததுன்னு அர்த்தம், கள்ளம்னு அர்த்தமில்ல. பதினெட்டு வருஷம் உடைஞ்ச கோப்பை பாத்தவளுக்கே இது தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்?"

பூபதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப கள்ளம்னு சொன்னது அசலு. அசலுன்னு சொன்னது கள்ளம். இப்பவே உள்ள போயிச் சொல்லிரலாமுங்க."

"சொன்னா? கள்ளக் கோப்பை ஆறு இருக்குங்கறது அப்பவும் நிஜம்தானே. அதுக்குப் பதிலா இருந்த அசல் ஆறு எங்கேன்னு ஜிபி கேப்பார். சாவி யார் இடுப்புல இருந்துச்சு? மறுபடியும் பவுல்ராஜ் தலையிலதான் வந்து விழும். எழுதினவனைப் பிடிக்கணும்."

பவுல்ராஜிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நான் எடுக்கலம்மா. எங்க அப்பன் மேல சத்தியம். ஆனா யாரு எழுதுனது, எதுக்கு எழுதுனதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீக. வேற என்ன வேணாலும் கேளுங்க." 

தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறார் என்பது பூபதிக்கே விளங்கியது. அவனுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜீப்பில் சாவியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒண்ணு சொன்னா வையப்படாது. நேத்து குமுளி வழியா ஏறி வந்தமில்லீங்களா. வண்டிப்பெரியார் தாண்டறப்ப ஒரு கள்ளுக்கடை. அந்த போர்டு மூலைல இதே மாதிரி ஒரு சுழி பாத்தனுங்க. எறும்புத் தல சைசு."

"ஓடுற வண்டியிலருந்து எறும்புத் தலை சைசு தெரிஞ்சுதா?"

"எழுத்து நல்லா இருந்துச்சுங்க, அதான் உத்துப் பாத்தேன்."

"கள்ளுக்கடை போர்டுல இருக்கறதே ரெண்டு எழுத்து."

"அதனாலதானுங்க ரெண்டு தடவ பாத்தேன்," என்றான் பூபதி. சௌதா அவனை வையவில்லை. வண்டியை எடு என்று மட்டும் சொன்னார்.

*

கள்ளுக்கடை போர்டில் சுழி இருந்தது. நூறு அடி தள்ளி சைக்கிள் கடை போர்டிலும் இருந்தது. தேவாலயத் திருவிழாவுக்கு வரைந்து வைத்திருந்த பலகையில் மேய்ப்பர் தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. பூபதி கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். ஆட்டுக்குட்டியின் ரோமச் சுருள்களில் ஒன்று ரோமச் சுருள் இல்லை. பலகையின் அடியில் பெயரும் இருந்தது, ஈஸ்வர் ஆர்ட்ஸ்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வாசலில் நான்கு ஜீப்புகள் பெயர் எழுதுவதற்காக வரிசையில் நின்றன. ஈஸ்வரன் ஒரு பானெட்டில் குனிந்து 'கரிமலைக் காளை' என்று எழுதிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, காதில் பிரஷ்.

"பீங்கான் கப்புல எழுதுவீங்களா?" என்று கேட்டார் சௌதா.

"எழுதுவேனே. பேரா, படமா?"

அவர் இடது கையில் வண்ணம் குழைத்து வைத்திருந்த வெள்ளைத் தட்டையே பூபதி பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கை அகலம்கூட இல்லை, வட்டமும் முழுசாக இல்லை, ஒரு பக்கம் உடைந்திருந்தது.

"ஏனுங்க, அந்தத் தட்டு நல்லா இருக்குதுங்களே."

"இது பிரான்சு சாமான் தம்பி," என்றார் ஈஸ்வரன் பெருமையாக. "எந்தக் கலரும் ஒட்டாது. ஒரு துடை துடைச்சா பளிச்சுன்னு ஆயிரும். முப்பது வருசமா இதுலதான் குழைக்கேன்."

பழந்துணியால் துடைத்துத் திருப்பிக் காட்டினார். பச்சை மணி. லிமோஜ். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு கோப்பையின் அடிப்பாகம் அது.

சௌதா சாவகாசமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செம்பாறை பங்களாவுக்கு ஆறு கோப்பைக்கு எழுதினீங்களே, அதுல மட்டும் ஏன் பிரான்ஸ்னு சேத்தீங்க?"

ஈஸ்வரன் பயப்படவில்லை. குறை சொல்ல வந்த வாடிக்கையாளர் என்றுதான் நினைத்தார்போலிருக்கிறது. "அந்தக் கம்பெனிக்காரன் ஊர் பேர மட்டும் போட்டு விட்டுட்டான்ம்மா. வெறும் வண்டிப்பெரியார்னு எழுதுனா தபால் வந்துருமா? இடுக்கி ஜில்லா, கேரளான்னு எழுதுனாத்தான வரும். செய்யுத வேலய முழுசாச் செய்யணும்லா. லிமோஜ் எங்க இருக்குன்னு பள்ளிக்கூட வாத்தியார்கிட்ட கேட்டேன். பிரான்சுன்னாரு. சேத்துட்டேன்."

"பின்கோடு போடலீங்களா?" என்று கேட்டான் பூபதி.

"வாத்தியாருக்கு அது தெரியல."

"சுழியுமா முழுசாச் செய்யுறதுல சேத்தி?"

ஈஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதப் பாத்துட்டியளா. அது போடாம எனக்குக் கை ஓடாது. மொதக் கோப்பைல மட்டும் போட்டேன், அழிச்சிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கலர் ஒட்டணும்னு பேக்கரிக்காரன் தூக்கி அடுப்புல வச்சுட்டான். பன்னுக்கு வச்ச சூட்டுல மூணு தடவ வச்சு எடுத்தோம். கோப்ப பூராம் வெண்ணெ வாசம்."

"யார் எழுதச் சொன்னா?"

"பவுல்ராஜ் அண்ணன்தான். பங்களா பட்லர்."

பூபதிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் வந்து தேடியெடுத்த சாட்சி, பவுல்ராஜ்தான் கள்ளக் கோப்பை செய்யச் சொன்னார் என்று நெற்றியில் திருநீறோடு நின்று சொல்கிறது. பையில் போன் துடித்தது. மோனிஷா. 'அண்ணா, அப்பா போன் எடுக்கல. என்னாச்சு?' பதில் அடிக்கத் தொடங்கினான், அழித்தான், மறுபடியும் அடித்து மறுபடியும் அழித்தான். அந்தப் பெண்ணுக்கு என்னவென்று எழுதுவது?

சௌதா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எப்ப?"

"என் மூத்தவ பொறந்த வருசம். ஆச்சு, முப்பத்தொரு வருசம். அழுதுக்கிட்டே வந்தாரும்மா. கைல ஒரு பொட்டலம், அவுத்தா பூராம் சில்லு. இந்த ஒண்ணுதான் அடி முழுசா இருந்துச்சு, மாதிரிக்கு வச்சுக்கன்னு குடுத்தாரு. தேனில போயி அதே சைசுக்கு வெள்ளைக் கோப்ப வாங்கிட்டு வந்தாரு. 'ஞாயித்துக்கெழம பெரிய தொர திரும்பி வந்திருவாரு, அதுக்குள்ள வேணும் ஈஸ்வரா, இல்லேன்னா ஒரு புள்ளைக்கு முதுகுத் தோலு உரிஞ்சு போகும்'னாரு. எந்தப் புள்ளன்னு கேட்டேன். சொல்லவே இல்ல."

சௌதா அந்த உடைந்த அடிப்பாகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த ஓரத்தில் அரை வட்டமாக ஒரு பள்ளம். அதைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஏதோ தேய்ந்திருந்தது. நகத்தால் தொட்டுக் காட்டி, "ஈயம்," என்றார். பூபதிக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் எல்லாம் புரிந்தவன்போலத் தலையை ஆட்டினான்.

"இதை ஒரு நாளைக்குக் கடன் கொடுப்பீங்களா?"

"திருப்பித் தந்துரணும்," என்றார் ஈஸ்வரன். "வேற எதுலயும் கலர் இப்படிக் குழையாது."

*

பாம்பனார் வளைவில் ஒரு பஸ் குறுக்கே நின்றதால் அவர்கள் பங்களாவுக்குள் நுழையும்போது மணி மூன்று நாற்பத்தைந்து. பவுல்ராஜ் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கையில் பேனா. காகிதத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை மட்டும் போட்டிருந்தார், கை அதற்கு மேல் நகரவில்லை.

"கையெழுத்து வேண்டாம்," என்றார் சௌதா வந்ததும் வராததுமாக. "ஜிபி சார், ஸ்டேஷனுக்கு போன் பண்ணுங்க."

பவுல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். பூபதியும்தான் பார்த்தான். காப்பாற்ற வந்தவரே பிடித்துக் கொடுக்கிறாரே என்று அவனுக்குப் பதறியது.

"எந்தினா போலீஸ்?" என்றாள் பின்சி. "நான்தான் சொன்னேனே, வயசான மனுஷன்."

"வயசான மனுஷனை அப்புறம் பாக்கலாம். கூடையில இருக்கிற ஆறு கள்ளக் கோப்பையும்தான் முக்கியமான தடயம். போலீஸ் வந்தா அதைத்தான் முதல்ல தொண்டின்னு கேஸ் சாமானா எடுப்பாங்க. சீல் வச்சு ஸ்டேஷன் ரூம்ல போட்ருவாங்க."

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார் ஜிபி.

"கேஸ் முடியுற வரைக்கும். பத்து வருஷம் ஆகலாம்."

"அதுக்குள்ள பாராக்காரங்க பால் ஊத்தாத கட்டஞ்சாயா குடிச்சே தேச்சிருவாங்க," என்றான் பூபதி. எதற்கென்று தெரியாவிட்டாலும் அவனுக்கு ஒத்து ஊத வரும்.

பின்சியின் கை கூடையின் பிடிக்குப் போனது. "அது வேண்டா. இது நான் கொண்டுபோயி லேபில டெஸ்ட் செய்யணும்."

"காலையில தூக்கிப் போடப்போறேன்னீங்க."

"டெஸ்ட் செஞ்சிட்டுக் களையாம்."

"தூக்கிப் போடுற சாமானுக்கு எதுக்கு டெஸ்ட்டு?" சௌதா கூடையைத் தன் பக்கம் இழுத்தார். "நான் காலையிலேயே பாத்துட்டுத்தான் இருந்தேன். அசல்னு சொன்ன கோப்பை வெறும் மேசையில நிக்குது, அதுல உங்க பேனா, உங்க கண்ணாடி. கள்ளம்னு சொன்ன கோப்பைக்குப் பிளாஸ்டிக் சட்டை, பஞ்சு மெத்தை. வாய்தான் மாத்திச் சொல்லிச்சு, கை சரியாத்தான் வேலை செஞ்சுது."

பிறகு ஜிபியின் விரலைப் பிடித்து இரண்டு கோப்பைகளின் அடியிலும் வைக்கச் சொன்னார். நகம் ஒன்றில் தட்டியது, ஒன்றில் வழுக்கியது. அமெரிக்காக்காரன் சட்டத்தையும் சொன்னார். பின்சி பேனாவையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள். அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த மதிப்பீட்டுக் காகிதத்துக்கும் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும்," என்றார் சௌதா. "அசலைக் கள்ளம்னு நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம். உங்களை அனுப்பினவரும் ஒருதடவை படிக்கட்டும்."

பின்சியின் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. கூடை மேசைமேல் நின்றது. ஜிபியின் காதுகள் மட்டும் இன்னும் சிவந்தே இருந்தன.

"ஆறு அசல் தப்பிச்சது. நல்லது," என்றார். "மத்த ஆறு? அது எங்கே? இந்தக் கள்ளக் கோப்பையைச் செய்யச் சொன்னது யார்?"

"பவுல்ராஜ்," என்றார் சௌதா.

பூபதி கண்ணை மூடிக்கொண்டான். பவுல்ராஜ் எழுந்து நின்றார், மறுக்கவில்லை. சௌதா கைப்பையிலிருந்து அந்த உடைந்த அடிப்பாகத்தை எடுத்து ஜிபியின் உள்ளங்கையில் வைத்தார். "அதுக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தைப் பாருங்க. கீழ விழுந்து உடைஞ்ச கோப்பையில ஈயம் ஒட்டாது, ஏர்கன் குண்டு பட்டாத்தான் ஒட்டும். முப்பத்தொரு வருஷம் ஆச்சு. உங்க சுவத்துல ஒரு போட்டோ இருக்கு, அதுல இருக்கிற பையனுக்கு இன்னைக்கு என்ன வயசு?"

ஜிபி போட்டோவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். காதின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பின்பக்க மதில்," என்றார் மெதுவாக. "மதில்மேல வரிசையா வச்சுச் சுட்டேன். அது ஸ்டோர்ல கிடந்த பழைய கோப்பைன்னு சொன்னீங்களே, பவுல்ராஜண்ணா."

"சொன்னேன் சின்ன தொர. இல்லேன்னா நீங்க ராத்திரி பூரா அழுதிருப்பீக."

"எத்தனை உடைச்சேன்?"

"ஏழு தடவ சுட்டீக. ஆறு கோப்ப போச்சு. ஏழாவது குறி தப்பி மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் போயிருச்சு. அத நான் கொரங்கு மேல போட்டுட்டேன்."

பூபதி சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்றார் ஜிபி. "அப்பா போயே பதினோரு வருஷம் ஆச்சு. நான் உங்களைத் திருடன்னு சொல்லி இங்க உக்கார வச்சேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அப்பாகிட்ட சொல்லாதீகன்னு அன்னைக்கு என் காலக் கட்டிக்கிட்டீக. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கையில அடிச்சுக் குடுத்தேன். இன்னைக்கு வெளியாளு முன்னாடி வச்சுச் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சின்னப் பிள்ளையில நடந்தத இழுக்கேன்னு நெனச்சிருக்க மாட்டீகளா?"

ஜிபி அப்படித்தான் நினைத்திருப்பார், அது அவருக்கும் தெரிந்தது. மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தார். பவுல்ராஜின் கையைப் பிடித்து அதில் வைத்தார், வைத்த கையை விடவில்லை. நாற்பது வயது முதலாளி, முன்பல் விழுந்த பையனைப்போலவே அழுதார். அந்த நேரத்தில் பாக்டரி சங்கு ஊதியது. காகிதத்தில் சிலுவைக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு எத்தனை கோப்பை வேணும்?" என்று கேட்டார் ஜிபி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பேப்பர் கப்பு சொல்லியாச்சு சின்ன தொர," என்றார் பவுல்ராஜ். "பன்னெண்டையும் உள்ள வச்சுப் பூட்டிருதேன்."

பூட்டுவதற்கு முன்னால் சமையல்கட்டுக்குப் போய்வந்தார். கடைசியில் பூபதிக்குக் காபி கிடைத்தது, சுழி போட்ட கோப்பையில். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தான். லிமோஜ், பிரான்ஸ், வண்டிப்பெரியார் எல்லாம் பத்திரமாக இருந்தன. போனை எடுத்து மோனிஷாவுக்கு ஒரே ஓர் எழுத்து அனுப்பினான். 'உ'.

உடனே பதில் வந்தது. 'அண்ணா, பாதியில போயிருச்சு. முழுசா அனுப்புங்க.'

'முழுசும் அவ்வளவுதான் கண்ணு,' என்று அடித்தான் பூபதி. 'கல்யாண வேலைய ஆரம்பிக்கலாம்.'